அடுத்த வண்டி எப்போது?



இந்த மாதம் வந்த கடிதங்களில் சேலம் பக்கத்து இளம்பிள்ளையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தது, பதிலை இந்தப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று என்னை நினைக்க வைத்தது. தறி வீடு. மாமனார், மாமியார், கணவர், கொழுந்தனார் குடும்பம், பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஆடி மாதத்தில் கப்பலில் போய்வருவதென்று பேசி வைத்திருக்கிறார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது. அதே நாளில் சேலத்தில் விமானம் ஏறி, சென்னையில் இறங்கி, நேரே துறைமுகம் போய்விடலாம் என்பது கணவரின் திட்டம்.

"மூணு மணி நேரத்துக்கு மேல கையில இருக்குதுங்க. பத்தாதுங்களா? எங்க மாமியார் மட்டும் முந்தின நாளே போயிரலாம்ங்கறாங்க. யார் சொல்றது சரிங்க?" என்று கேட்டிருக்கிறார்.

மாமியார் சொல்வதுதான் சரி அம்மா. அவரை நம்பி டிக்கெட் போடுங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வி இனி நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் எழும்.

கப்பலில் உல்லாசப் பயணம் போவது நமக்குப் புதுசு. 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலை அனுப்பி வைத்தபோதுதான், பெங்களூரு போய்வருவதுபோல ஒரு குடும்பம் கப்பல் பயணத்துக்கும் திட்டம் போடலாம் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் பரவியது. அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போகத் தொடங்கியது. 1990-இல் பிரான்ஸில் கட்டி முடித்த கப்பல் அது. ஏறத்தாழ 210 மீட்டர் நீளம். தென்மேற்குப் பருவக் காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கிற மாதங்களில், மும்பைப் பக்கம் ஓடும் கப்பல் நம் கரைக்கு வருகிறது. அந்த மாதங்களில்தான் நமக்கு ஆடியும் வருகிறது. முகூர்த்தம் இல்லை, கல்யாணச் சேலைக்கு ஓட்டம் இல்லை. இளம்பிள்ளைக் குடும்பம் ஒன்று தறியை நிறுத்திவிட்டு நாலு நாள் வெளியே போவதற்கு இதைவிட நல்ல மாதம் கிடைப்பது கடினம். வாசகியின் வீட்டார் மாதத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள்.

நாளில்தான் சிக்கல். "எத்தனை மணி நேரம் இடைவெளி இருக்கிறது?" என்றுதான் எல்லாரும் கணக்குப் போடுகிறோம். விமானம் இத்தனை மணிக்கு இறங்கும், கப்பல் இத்தனை மணிக்குக் கிளம்பும், நடுவில் இவ்வளவு நேரம் மிச்சம். இந்தக் கணக்கு எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளுக்கு மட்டும் பொருந்தும். நான் கேட்கச் சொல்வது வேறொரு கேள்வி: இந்த விமானம் இன்று போகாவிட்டால், அடுத்தது எப்போது?

சேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் நமக்கு விமான நிலையம் வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சேவைதான் வருவதும் நிற்பதுமாக இருந்தது. கிங்ஃபிஷர் 2009-இல் வந்தது, இரண்டு ஆண்டுகளில் நின்றது. 2018 மார்ச்சில் மத்திய அரசின் உதான் விமானத் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது, 2021-இல் அதுவும் போயிற்று. 2023 அக்டோபரில் இண்டிகோ சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது நம் பகுதிக்குப் பெரிய வரம். இளம்பிள்ளையிலிருந்து தாரமங்கலம், ஓமலூர் வழியாகப் போனால் பிள்ளைகள் தூங்கி எழுவதற்குள் விமான நிலையம். ஆனால் சேலம் - சென்னை விமானம் நாளுக்கு ஒன்றுதான். அது ரத்தானால் அடுத்த விமானம் மறுநாள். அந்த நேரத்தில் கப்பல் நடுக்கடலில் இருக்கும். மூன்று மணி நேர இடைவெளி இருந்தாலும் ஆறு மணி நேர இடைவெளி இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

ரயிலில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். சேலம் ஜங்ஷனிலிருந்து சென்னைக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ், சேரன், நீலகிரி, விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகிற சேலம் எக்ஸ்பிரஸ் என்று இரவில் மட்டும் எத்தனை வண்டிகள்! பகலில் கோவை எக்ஸ்பிரஸ், 2023 ஏப்ரலிலிருந்து வந்தே பாரத். ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்று. எதுவுமே இல்லாவிட்டால் புது பஸ் ஸ்டாண்டில் ராத்திரி எந்நேரமும் சென்னை பஸ் நிற்கும். வேகத்தில் விமானத்துக்கு இவை ஈடில்லை. ஆனால் கப்பலைப் பிடிக்க வேண்டிய நாளில், ஒன்று போனால் இன்னொன்று உண்டு என்ற தைரியத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பாவு முடிந்து புதுப் பாவு போடும்போது, பழைய பாவின் முனையோடு புதியதை இழை இழையாகப் பிணைக்க வேண்டும் என்பது இளம்பிள்ளைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பிணைப்புக்கு நேரம் ஒதுக்காமல் எந்தத் தறிக்காரரும் கடைக்குச் சேலை தருகிற தேதியைச் சொல்லமாட்டார். விமானத்துக்கும் கப்பலுக்கும் நடுவில் இருப்பதும் அப்படி ஒரு பிணைப்புத்தான். அதற்கென்று ஒரு நாளைக் கணக்கில் வைத்துவிடுங்கள்.

"கொஞ்ச நேரம் கப்பல் நிற்காதா?" என்று வாசகியின் மாமனார் கேட்டாராம். நியாயமான கேள்வி. அவர் வயதுக்காரர்களுக்குப் போட் மெயில் ஞாபகம் இருக்கும். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடித் துறைமேடை வரைக்கும் ரயில் போகும். இறங்கி நடந்தால் கப்பல். இரண்டு மணி நேரம் போலக் கடல். தலைமன்னாரில் கொழும்புக்கு ரயில் தயாராக நிற்கும். கொழும்பு வரை ஒரே டிக்கெட். தென்னிந்திய ரயில்வேதான் கப்பலையும் ஓட்டியது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச், பிறகு வந்த இர்வின், கோஷன் எல்லாம் அந்தக் கப்பல்களின் பெயர்கள். ரயில் தாமதமானால் கப்பல் ஆளை விட்டுவிட்டுப் போவதில் அர்த்தமே இல்லை. அதில் ஏற வேண்டியவர்கள் அந்த ரயிலில்தானே வந்துகொண்டிருந்தார்கள்! 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோகும் வரை இந்த ஏற்பாடு நடந்தது. பின்னர் ராமேஸ்வரத்திலிருந்து 'ராமானுஜம்' கப்பல் 1980களின் நடுப்பகுதி வரை ஓடியது.

இன்று விமான டிக்கெட்டை ஒருவரிடமும் கப்பல் டிக்கெட்டை இன்னொருவரிடமும் வாங்குகிறோம். இரண்டுக்கும் நடுவே நிற்பது நாம் மட்டும். விமானம் தாமதமானால் விமானக் கம்பெனி அந்த விமானத்துக்கு மட்டும்தான் பதில் சொல்லும். ரத்தானால் பணத்தைத் திருப்பித் தரும், அல்லது வேறு விமானத்தில் ஏற்றிவிடும். உங்கள் கப்பலைப் பற்றி அதற்குக் கவலையில்லை. கப்பல் கம்பெனிக்கோ நீங்கள் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். கட்டணம் திரும்ப வராது.

கப்பல் நிற்காததற்குக் காரணமும் உண்டு. துறைமுகத்திலிருந்து பெரிய கப்பல் வெளியேற, துறைமுக பைலட் கப்பலில் ஏற வேண்டும், இழுவைப் படகுகள் வந்து நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நேரம் குறித்தாகிவிட்டது. அந்த இடத்துக்கு அடுத்த கப்பல் வெளியே காத்திருக்கும். போகிற துறைமுகத்திலும் நேரம் குறித்திருக்கும். தாமதத்தை ஈடுகட்ட வேகமாக ஓட்டினால் எண்ணெய் செலவு ஏறிக்கொண்டே போகும். அதோடு, ஏறியவர்களின் பட்டியலைப் புறப்பாட்டுக்கு முன்பே முடித்து அதிகாரிகளிடம் தர வேண்டும். அமெரிக்காவில் இதைப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பாகக் கொடுத்துவிட வேண்டும் என்றே விதி. ஆகவே டிக்கெட்டில் 'புறப்பாடு' என்று போட்டிருக்கிற நேரத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஏறுவதற்கான வாசல் அதற்கு வெகு முன்பே மூடிவிடும். அந்த நேரம் டிக்கெட்டில் தனியாக இருக்கும். அதைத் தேடிப் படித்து, வீட்டுக் காலண்டரில் அதையே எழுதி வையுங்கள். வாசகி சொல்லும் மூன்று மணி நேரத்தில் எவ்வளவு கரைந்துபோகிறது என்று அப்போது தெரியும்.

2024 மார்ச் கடைசியில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய சாவோ டோமே தீவில் எட்டுப் பயணிகளுக்கு நடந்ததை அப்போது உலகம் முழுக்கப் பேசினார்கள். ஊர் சுற்றப் போனவர்கள் நேரத்துக்குத் திரும்பவில்லை. கப்பல் இன்னும் கண்ணெதிரில் நங்கூரமிட்டு நின்றது. கடலோரக் காவல் படகில் பக்கத்தில் கொண்டுபோயும் ஏற்றிக்கொள்ளவில்லை. அவர்கள் நாடு நாடாக அலைந்து, கடைசியில் செனகலில்தான் கப்பலைப் பிடித்தார்கள். கண்ணெதிரில் நின்றவர்களுக்கே அந்த நிலை என்றால், காமலாபுரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக யார் நிற்பார்கள்?

ஆடியில் புயல் பயம் இல்லை, அது ஒரு நிம்மதி. தீபாவளி முடிந்து தறிக்கு ஓய்வு விடும்போது போகலாம் என்று நினைப்பவர்கள் மட்டும் ஒன்றை யோசிக்க வேண்டும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையத்தை மூடி, மறுநாள் காலைதான் திறந்தார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில் மறுபடி மூடினார்கள். பொங்கலுக்குப் போகலாமென்றால் போகிப் புகை இருக்கிறது. 2018 போகியன்று காலையில் சென்னையில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தடுமாறின. வானம் தெளிவாக இருந்த நாட்களிலும் 2025 டிசம்பர் முதல் வாரத்தில், விமானிகளின் பணி நேர விதி மாறியதை ஒட்டி இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. கல்யாண வரவேற்புக்கு மாப்பிள்ளை பெண்ணே போய்ச் சேர முடியாமல் போனதைச் செய்தியில் பார்த்தோம். பயமுறுத்துவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. முந்தின நாளே சென்னையில் இருந்த எவருக்கும் இவற்றால் கப்பல் தவறியிருக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

முந்தின நாள் என்றதும் செலவு கண்ணில் தெரியும். குடும்பம் பெரிசு, இரண்டு மூன்று அறை வேண்டும். அந்த வாடகையைக் கப்பல் கட்டணத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இத்தனை பேரின் கப்பல் பணத்தையும், வருஷம் முழுக்கக் காத்திருந்த பிள்ளைகளின் ஆசையையும் காப்பாற்றுவதற்கு நான் அறிந்த மிக மலிவான வழி அந்த ஓர் இரவு. பயணக் காப்பீடு எடுப்பவர்கள், 'புறப்பாடு தவறினால்' என்ற பிரிவு இருக்கிறதா, எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பணம் தருவார்கள் என்று படித்துவிட்டு எடுங்கள். காப்பீடு பணத்தைத் தரலாம், தவறிய பயணத்தைத் தராது.

சென்னையில் அந்த இரவை எங்கே கழிப்பது? பாரிமுனை, மண்ணடி, எழும்பூர் பக்கம் தங்குங்கள். காலையில் தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாளை ஆடி மாதத்தில் பார்ப்பது எவ்வளவு நல்ல தொடக்கம்! துறைமுகத்துக்கு வெகு அருகில் இருக்கிறது கோவில். பக்கத்திலேயே கந்தகோட்டம். சேலை வியாபாரம் உள்ளவர்கள் சௌகார்பேட்டை மொத்தக் கடைகளில் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம் என்பது என் கருத்து. ஆயாவும் தாத்தாவும் நிம்மதியாகத் தூங்கி எழுந்து, மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் கிளம்பலாம். விடியற்காலையில் எழுப்பி, விமானத்தில் ஏற்றி, வெயிலில் இறக்கி, பெட்டியோடு ஓடவைத்தால் முதல் இரண்டு நாள் கப்பலில் அவர்கள் படுத்தே கிடப்பார்கள். மாமியார் கேட்டது தனக்காக மட்டுமல்ல என்றே நினைக்கிறேன்.

விமானத்தில்தான் போக வேண்டும், பிள்ளைகள் அதற்காகவே காத்திருக்கிறார்கள் என்றால் தாராளமாகப் போங்கள், முந்தின நாள் விமானத்தில். மீனம்பாக்கத்தில் இறங்கினால் மெட்ரோ நீல வழித்தடம் நேரே உயர் நீதிமன்றம், மண்ணடி நிலையங்களுக்குக் கொண்டுவந்து விடும். வண்டி மாற வேண்டாம், அண்ணா சாலை நெரிசலில் சிக்க வேண்டாம். சென்ட்ரலில் ரயில் இறங்குபவர்களுக்கும் அதே மெட்ரோதான், அடுத்த நிலையமே உயர் நீதிமன்றம். பெட்டிகள் அதிகமென்றால் கடைசித் துண்டுக்கு மட்டும் டாக்ஸி வையுங்கள். ராஜாஜி சாலையில் துறைமுகத்துக்கு வாசல்கள் பல. எந்த வாசல் என்று டிக்கெட்டில் பார்த்து, ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கைப்பை ஒன்றில் அடையாளச் சான்றுகள், மருந்து, எல்லாருக்கும் ஒரு மாற்று உடுப்பு. இவை பெரிய பெட்டிக்குள் போகவே கூடாது. விமானத்தில் பெட்டி தவறி மறுநாள் வந்தாலும் கப்பல் போயிருக்கும். இந்தியத் துறைமுகங்களுக்குள் மட்டும் என்றால் ஆதார் போன்ற அட்டை போதும், இலங்கை என்றால் பாஸ்போர்ட்டும் விசா அனுமதியும் வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தையையும், கர்ப்பம் 24 வாரத்தை எட்டியவர்களையும் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை. பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

நாமக்கல், ராசிபுரம் பக்கத்து வாசகர்கள் சிலர் சிங்கப்பூர் போய் அங்கே கப்பல் ஏறுவதைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை கூடுதலாக உண்டு. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. திருச்சியில் நள்ளிரவு 1 மணிக்கு ஏறி நாலரை மணி நேரம் பறந்தால் நம் கைக்கடிகாரத்தில் விடியற்காலை ஐந்தரை. அங்கே காலை 8 மணி. மனசுக்குள் நம் நேரத்தை வைத்துக்கொண்டே "இன்னும் நிறைய நேரம் இருக்கிறது" என்று உட்கார்ந்துவிடுகிறோம். அங்கே கப்பல் நிலையமும் இரண்டு இருக்கிறது: மரீனா பே ஒன்று, ஹார்பர்ஃப்ரன்ட் ஒன்று. எது என்று பார்க்காமல் டாக்ஸி ஏறாதீர்கள். கப்பலில் கிளம்பி அங்கேயே திரும்பி வருவதால், ஒருமுறைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசாவா என்றும் பாருங்கள். பெங்களூருவில் ஏறுபவர்கள், விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருப்பதை மறக்க வேண்டாம். ஓசூர் வழியாகப் போகும் நாம் பெங்களூரு நெரிசலை முழுக்கத் தாண்டித்தான் அங்கே சேர முடியும். அதனால் நம் பக்கத்தவர்களுக்குத் திருச்சியோ கோவையோதான் நல்லது என்று சொல்வேன்.

வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிகள் சில, விமான டிக்கெட்டையும் தாங்களே எடுத்துத் தருகின்றன. கொஞ்சம் விலை கூடலாம். ஆனால் அந்த விமானம் தாமதமானால், கப்பலிலோ அடுத்த துறைமுகத்திலோ உங்களைச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பாகிறது. பழைய போட் மெயில் ஏற்பாட்டுக்கு இன்று மிகப் பக்கத்தில் இருப்பது அதுதான். அப்படி ஒரு வாய்ப்பு கிடைத்தால், நிபந்தனைகளைப் படித்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

நம் பகுதிக்கும் கப்பலுக்கும் உள்ள தொடர்பு பழையது என்பதையும் நினைத்துக்கொள்கிறேன். சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து ஏராளமான குடும்பங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் போயின. இலங்கைக்குப் போனவர்களை மண்டபம் முகாமில் நாள் கணக்கில் அடைத்து வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே கப்பலுக்கு அனுப்பினார்கள். மலாயா போனவர்களை 'ரஜூலா' போன்ற கப்பல்கள் நாகப்பட்டினத்தில் ஏற்றிக்கொண்டன. பிழைப்புக்காக, பயந்துகொண்டு கடல் தாண்டியவர்களின் அதே மண்ணிலிருந்து இன்று ஒரு குடும்பம் ஆயாவை நடுவில் உட்காரவைத்துச் சந்தோஷத்துக்காகக் கப்பல் ஏறப்போகிறது. அந்தச் சந்தோஷம் முழுசாக நடக்க வேண்டும் என்பதுதான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம்.

திரும்பி வருகிற நாளைப் பற்றி வாசகி கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். கப்பல் காலையில் கரை சேர்ந்தாலும், எல்லாரும் பெட்டியோடு வெளியே வர நேரமாகும். முறை வைத்துத்தான் இறக்குவார்கள். காலை விமானமோ காலை ரயிலோ வேண்டாம். மதியம் சென்ட்ரலில் கிளம்பும் கோவை வந்தே பாரத் அன்று ஓடுகிறதா என்று பார்த்து எடுங்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சேலம் வந்துவிடலாம். அதுவும் தவறினால் பரவாயில்லை, ராத்திரிக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்